மடையன் பலகை

அக்காவின் கணவருடைய பட்டறையில், வாசலுக்கு நேர் எதிரே, கருப்புத் துணி ஒட்டிய பலகை ஒன்று தொங்குகிறது. அதற்கு மாமா வைத்த பெயர் மடையன் பலகை. காசு போட்டு, குண்டைத் தட்டி ஆடும் பழைய பின்பால் மெஷின்களை வாங்கிப் புதுப்பித்து விற்பது அவர் தொழில். மெஷினைத் திறந்ததும் உள்ளே அகப்படும் கோணல்மாணலான ஒட்டுவேலைகளைக் கழற்றி இந்தப் பலகையில் மாட்டுவார். வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், இந்த மனிதர் வேலையை ஒழுங்காகச் செய்வார் என்று நம்பிவிடுவார்கள். பலகையின் வேலை அதுதான்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சுற்றியிருந்த சிகரெட் பெட்டித் தகடு. அறுந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக வளைத்து மாட்டிய குடைக்கம்பி. இரண்டு சுவிட்ச் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவில் செருகிய சட்டைப் பொத்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைத் தீயில் காட்டி வளைத்துச் செய்த நெம்புகோல். தோல் உரிந்த இடத்தில் நகப்பூச்சு பூசிய ஒரு துண்டுக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் அட்டை. அட்டையில் இருப்பது என் கையெழுத்து. மாமா சொல்வார், நான் எழுதுவேன்.

"எழுது ரப்பர். 'ரவிக்கைக் கொக்கி. பம்பரை இழுத்துப் பிடிக்க. செய்தவன்: பொண்டாட்டிகிட்ட அடி வாங்கின வீரன்.'"

பட்டறையில் வேலை செய்யும் இரண்டு மெக்கானிக்குகளும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்காத நாளில் மாமாவுக்குக் கோபம் வரும்.

ரப்பர் என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. அம்மாவும் நானும் அதில் இருக்கிறோம். இரண்டு கட்டில் போட்டபிறகு நடுவில் ஒருவர் நிற்கத்தான் இடம், அதனால் எங்களில் ஒருவர் எப்போதும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஆனால் கதவு உண்டு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளும் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றேன், மூன்று வருடமாகிறது. அதற்கப்புறம் எனக்கென்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான். அறைக்குப் போக வேறு வழி கிடையாது, பட்டறையைக் கடந்துதான் போக வேண்டும். அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடையன் பலகையைக் கடந்து போவாள். ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை, அம்மா துவைத்த துணிகளோடு உள்ளே வரும்போது மாமா வழிமறித்தார்.

"வெள்ளிக்கிழமை ஏழு மெஷின் வருது அத்தை. அறை வேணும்."

"வரட்டும் மாப்பிள்ளை. வந்தா உக்காரச் சொல்லுங்க."

"விளையாட்டுப் பேச்சு இல்ல. உங்க தங்கச்சிகிட்ட பேசிட்டேன். அங்க உங்களுக்கு நல்ல வசதி."

"வசதி இருக்குதான். கூடவே அவளும் இருக்கா."

"ரப்பர் எங்களோட மாடியில இருக்கட்டும். ஹால்ல ஒரு ஓரமா படுத்துக்குவா."

மாடி ஹாலில் கதவு கிடையாது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் யாரோ கூப்பிட்டதுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மணி அடிக்கவே இல்லை.

அம்மா துணிகளை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "நீங்க முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?"

"கேக்கல அத்தை. சொல்றேன்."

எங்கள் வீட்டில் சண்டை இப்படித்தான் நடக்கும். அத்தை, மாப்பிள்ளை, வாங்க, போங்க. மரியாதை ஒன்றும் குறையாது. உள்ளே மட்டும் அரம் வைத்து அராவுவார்கள்.

மறுநாள் மாமா ஒரு மெஷினைத் திறந்தார். அதைக் கேட்டிருந்தது ஒரு பல் டாக்டர். காத்திருக்கிறவர்களுக்கு உள்ளே ஓடும் டிரில் சத்தம் கேட்கக் கூடாதாம், அதனால் வெளியறையில் பின்பால் வைக்கப் போகிறாராம். வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். மெஷின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறது என்பதற்காக மாமா விட்டுவிட மாட்டார். உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"ரப்பர்! இங்க வா. அட்டை எடு." குரலில் அவ்வளவு சந்தோஷம். இடுக்கியின் நுனியில் ஒரு தலைக் கிளிப். "ரிலே ஸ்பிரிங்குக்குப் பதிலா இதை வச்சிருக்கான். தலை வாரிக்கிட்டே மெஷின் பாத்திருக்கான் போல."

நீலக் கிளிப். மேலே மூன்று வெள்ளைப் புள்ளிகள். நடுப்புள்ளி பாதி உரிந்திருந்தது. அதை உரித்தது என் பல்.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் இரண்டு பக்கமும் கிளிப் போட்டுத்தான் வர வேண்டும். ஒரு நாள் காலையில் எழுந்தபோது ஒன்றைக் காணவில்லை. அம்மா அப்போது ஒரு விளையாட்டுக் கூடத்தில், கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தைத் திறந்து பெருக்க விடியும் முன்பே போய்விடுவாள். நான் அங்கே ஓடினேன். கூண்டுக்கு முன்னால் முதலாளி நின்று எதற்கோ கத்திக்கொண்டிருந்தார். நானும் கத்தினேன்: "அம்மா, என் கிளிப்பைக் காணோம், ராத்திரி தலையிலதான் இருந்துச்சு." அம்மா கூண்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, எல்லோரும் பார்க்க என்னைக் கன்னத்தில் அறைந்தாள். "சாமானைத் தொலைச்சிட்டு வந்து கதை வேற சொல்றியா?"

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்பு ரப்பர் வளையத்தை எடுத்தாள். குண்டைத் தட்டிவிடும் ஃபிளிப்பரைச் சுற்றிப் போடுவார்களே, அந்த வளையம். விரல் தடிமன் இருக்கும். அதை முறுக்கி என் முடியைக் கட்டி அனுப்பினாள். முதல் பீரியட் முடிவதற்குள் எனக்கு ரப்பர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்கா அதே பள்ளிக்கூடம். பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான். நான் பள்ளியை விட்டு நின்றதற்கு அது மட்டும் காரணமில்லை. அதுவும் ஒன்று.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? எழுது. 'தலைக் கிளிப். செய்தவன்: சீப்பை மறந்த மேதை.'"

எழுதினேன். மாட்டப் போனபோது பலகையை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். குடைக்கம்பி. எங்கள் வீட்டுக் கறுப்புக் குடை ஒரு பக்கம் நொண்டியாகத் தொங்கும். பொத்தான் என் பள்ளிச் சட்டையினுடையது. நகப்பூச்சு அந்தக் கத்தரிக்காய் நிறம். நான்தான் திருடினேன் என்று அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பச்சைப் பிரஷ் அம்மாவுடையது. எங்கள் வீட்டில் காணாமல் போனதெல்லாம் இங்கே, என் கையெழுத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவள் என்று மாமாவுக்குத் தெரியும். கூடத்தை மூடியபோது மெஷின்களை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருபவர் அவர்தான். கூண்டில் உட்கார்ந்த ஒருத்தி மெஷினைத் திறந்திருப்பாள் என்பது மட்டும் அவர் மண்டைக்குள் ஏறவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன்.

"மெஷினுக்குள்ள என் கிளிப்பு இருந்துச்சு."

"எந்தக் கிளிப்பு?"

"நீலம். நான் தொலைச்சேன்னு நீ அடிச்ச."

"கால் முளைச்சுப் போயிருக்கும்." துணி மடித்துக்கொண்டே சொன்னாள். பிறகு கை நின்றது. "அதை எடுத்துட்டாரா? எங்கேயிருந்து எடுத்தாரு?"

"இடது பக்கம், கடைசி ரிலே."

அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "எடுக்கட்டும். நல்லா எடுக்கட்டும்."

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. நான் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என்னைப் பெற்றவள் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை மெஷின் நின்றுபோயிற்று. மாமா கிளிப்பின் இடத்தில் கச்சிதமான புது ஸ்பிரிங் மாட்டியிருந்தார். மின்சாரம் வந்ததும் காயில் என்ற கம்பிச்சுருள் ரிலேயை இழுத்துப் பிடிக்கும், மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் அதை விடுவிக்கும். பொத்தானை அமுக்கினால் விளக்குகள் எரியும், ரிலே தீப்பெட்டிக்குள் மாட்டிய வண்டுபோல் உறுமும், பத்து எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்துவிடும். மெல்லிய ஸ்பிரிங் போட்டுப் பார்த்தார். அப்போது ரிலே ஒட்டிக்கொண்டு விடவே இல்லை, ஆட்டம் முடியவே மாட்டேன் என்றது. வயரை மாற்றினார். சுவிட்ச்சை மாற்றினார். வியாழக்கிழமை மத்தியானம் ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் எறிந்தார்.

"காயில்ல கோளாறு இருக்குமோ?" என்றார் பெரிய மெக்கானிக்.

"கண்ணு தெரியலையா உனக்கு? கம்பெனி லேபிள் அப்படியே ஒட்டியிருக்கு. ஒரிஜினல் காயில் இது! கிளிப்பு வச்ச மடையன் வேற என்னத்தையோ கெடுத்திருக்கான்."

"அந்தக் கிளிப்பையே திரும்ப மாட்டிப் பாத்தா என்ன?" என்றார் சின்ன மெக்கானிக். மாமா பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பட்டறை திறப்பதற்கு முன், பலகையிலிருந்து கிளிப்பை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், அது என்னுடையது. வேறு காரணம் அப்போது இல்லை.

ஒன்பது மணிக்குச் சுமைக்காரர்கள் வந்து எங்கள் கட்டில்களை வெளியே கொண்டுபோனார்கள். அம்மாவின் இரும்புப் பெட்டியைப் பட்டறை நடுவில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். அம்மா வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பலகைக்கு நேர் கீழே. எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

பதினொரு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். மெஷின் வயிற்றைத் திறந்து போட்டபடி கிடந்தது.

"இன்னிக்கு ரெடின்னு சொன்னீங்களே."

"அஞ்சு நிமிஷம் டாக்டர்."

"மூணு நாளா அஞ்சு நிமிஷம்" என்றாள் அம்மா. "உக்காருங்க டாக்டர். எந்தப் பல்லு வலிக்குதுன்னு தெரியாம எல்லாப் பல்லையும் பிடுங்கிட்டிருக்காரு."

டாக்டர் சிரித்துவிட்டார். மாமாவின் கழுத்து சிவந்தது. "அத்தை, இது உங்களுக்குப் புரியற விஷயமில்ல. கூண்டுக்குள்ள காத்து வாங்கிட்டு டோக்கன் குடுத்தவங்க நீங்க. பேசாம இருங்க."

அம்மா எழுந்தாள். பலகையின் பக்கம் திரும்பினாள். நான் பார்க்க முதல்முறையாக அதை நின்று பார்த்தாள்.

"இந்தக் குடைக்கம்பி என்னுது. இந்தப் பொத்தான் நான் வச்சது. கொக்கி என்னோட ரவிக்கையில இருந்தது மாப்பிள்ளை, யாரோ வீரனோட பொண்டாட்டிது இல்ல. அந்தப் பிரஷ் என் வாயில இருந்தது." ஒவ்வொன்றாகக் கழற்றிப் புடவை மடியில் போட்டுக்கொண்டே போனாள். சிகரெட் தகடு வந்ததும் நிறுத்தினாள். "இது மட்டும் என்னுது இல்ல. இது நிசமாவே மடையன் வேலை. கட்டடமே எரிஞ்சிருக்கும்."

மெக்கானிக்குகள் சிரிக்கவில்லை. இருமினார்கள்.

"அப்ப இந்த மெஷினைக் கெடுத்தது நீங்கதான்" என்றார் மாமா.

"ஆமா, கெடுத்தேன். ஒன்பது வருஷம் கெட்டுப்போயே ஓடிச்சு. நீங்க மூணே நாள்ல சரிபண்ணி நிறுத்திட்டீங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, உங்களால ஓட வைக்க முடியுமா?"

"முடியும். மாப்பிள்ளைக்கு மனசு வரணும்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"அறை. நான் இருக்கற வரைக்கும், இவளுக்கு ஒரு வழி பொறக்கற வரைக்கும். டாக்டர் சாட்சி. இப்ப இந்தப் பெட்டியை நீங்களே தூக்கிட்டுப் போயி பழைய இடத்துல வைங்க."

"அம்மா!" அக்கா போனைக் கீழே வைத்தாள். "அவரு மரியாதை என்னாகறது?"

"மரியாதையைத் தூக்கச் சொல்லலையே. பெட்டியத்தான தூக்கச் சொன்னேன்."

மாமா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். மாமா குனிந்து பெட்டியைத் தூக்கினார். கனமான பெட்டி. அறைக்குள் அதை வைக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். புது ஸ்பிரிங்கைக் கழற்றி மாமாவின் கையில் வைத்தாள். பிறகு பின்பக்கமாகக் கையை நீட்டினாள். "அந்தக் கிளிப்பை எடு ரப்பர்."

பலகையில் அட்டை இருந்தது. ஆணி இருந்தது. கிளிப் இல்லை. எல்லோரும் தரையில் தேடினார்கள். நான் தேடவில்லை. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். என் வலது கை மூடியிருந்தது.

"குடு."

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. கடைக்காரரிடம் பால் பாக்கெட் கேட்கவே குரல் எழும்பாது. அன்று எழும்பியது. மெல்லத்தான், ஆனால் எழும்பியது.

"அன்னிக்கு யாரு எடுத்தா?"

"இப்பவா இதெல்லாம்?" என்றாள் அக்கா.

"யாரு எடுத்தா? சொல்லு, தரேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பாசம் ஒன்றும் இல்லை. கூண்டைத் திறந்துகொண்டு வந்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. அப்புறம் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்தாள். அவள் எதை எண்ணிப் பார்த்தாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பதில் சொன்னபிறகுதான் தெரிந்தது, மாமாவின் மேல் அவளுக்கிருந்த பிடி முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருந்தது என்று.

"நான்தான் எடுத்தேன். நீ தூங்கும்போது, உன் தலையிலேர்ந்து. இதுல இருந்த காயில் எரிஞ்சுபோச்சு. மெஷின் நின்னா என் தலையத்தான் உருட்டுவாங்க, மெக்கானிக் மாசத்துக்கு ஒருநாள்தான் வருவான். முதலாளி ரூம்ல இருந்த அழைப்பு மணியப் பிரிச்சு, அந்தக் காயிலை இதுல போட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பழைய லேபிளை உரிச்சு இதுமேல ஒட்டினேன்."

மாமா காயிலைக் குனிந்து பார்த்தார். மூன்று நாளாக அவர் நம்பிய லேபிள்.

"மணிக் காயிலுக்கு இழுக்கற சக்தி கம்மி. எந்த ஸ்பிரிங்கும் ஒத்துவரல. உன் கிளிப்புதான் லேசா வளைஞ்சு, விட்டா டக்குன்னு திரும்பிச்சு. காலையில முதலாளி மணியக் காணோம்னு கத்திட்டு நிக்கறாரு. நீ வந்து கிளிப்பைக் காணோம்னு கத்துற. இன்னும் ரெண்டு வார்த்தை நீ பேசியிருந்தா ரெண்டையும் சேத்துப் பாத்திருப்பாரு. வாய மூட வைக்க வேற வழி தெரியல. அடிச்சேன்." கையை மறுபடி நீட்டினாள். "போதுமா? இப்பக் குடு."

போதவில்லை. ஆனால் கொடுத்தேன்.

அம்மா கிளிப்பைப் பல்லால் ஒரு நெளிவு நெளித்து மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள். ரிலே ஒரே ஒரு 'டக்'. விளக்குகள் எரிந்தன, குண்டு மேலே வந்து நின்றது. டாக்டர் கோட்டைக் கழற்றாமலே ஆட ஆரம்பித்துவிட்டார். ஆடி முடித்ததும் இன்னொரு ஆட்டம் ஆடினார். வண்டிக்காரர் ஹாரன் அடித்தபிறகுதான் நிறுத்தினார்.

"காயில் சூடாகும் டாக்டர்" என்றாள் அம்மா. "எப்பவாவது நின்னா இவரைக் கூப்பிடாதீங்க. பின்னறையில நான் இருப்பேன்."

மெஷினை ஏற்றிக்கொண்டு வண்டி போயிற்று. என் கிளிப்பும் போயிற்று. மாமா சிகரெட் தகடு மட்டும் மிஞ்சிய பலகைக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்தபடி சொன்னார்: "ரகசியம்தான் தெரிஞ்சுபோச்சே அத்தை. இனிமே நானே பாத்துக்குவேன்."

"பாத்துக்குங்க மாப்பிள்ளை. இன்னிக்கு வரப்போற ஏழும் அதே கூடத்து மெஷின்தானே? எந்த லேபிள் நிசம், எந்த லேபிள் பொய்னு ஒவ்வொண்ணா உரிச்சுப் பாருங்க."

ஏழு மெஷின்களும் சாயங்காலம் வந்தன. அறை இல்லாததால் பட்டறைக்குள்ளேயே நெருக்கி வைத்தார்கள். எங்கள் கதவுக்குப் போக ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவு வழி விட்டார்கள்.

சனி, ஞாயிறு அம்மாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அவள் நின்றால் நான் உட்கார்ந்தேன், நான் நின்றால் அவள் உட்கார்ந்தாள். மடியில் கொண்டுவந்த சாமான்களை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். என் பொத்தானைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்து பட்டறையில் ஏதோ ஒன்று உறுமுவதும் அணைவதுமாக இருந்தது. பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ரப்பர், அத்தையக் கொஞ்சம் கூப்பிடு."

நான் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் அசையவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் ரப்பர், காது கேக்கலையா?"

அம்மா எண்ணெய்க் கையைத் துடைத்தாள். என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னாள்: "இங்க ரப்பர்னு யாரும் இல்ல மாப்பிள்ளை."

கதவுக்கு வெளியே சத்தம் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. மாமா என் பெயரை யோசித்துக்கொண்டிருந்தார்.